எல்லை தாண்டியவர் எவர்?

"இருவருமே எல்லை தாண்டியவர்கள்தாமே, இதில் யாரை நோவது, யாரை மெச்சுவது?" என்று கேட்பவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். கேட்பவர்கள் படியாதவர்களல்லர். சட்டம் பயின்றவர்கள் இருக்கிறார்கள், உத்தியோகத்தர் இருக்கிறார்கள், மேடைதோறும் ஏகாதிபத்தியத்தைச் சாடியே தலை நரைத்தவர்களும் இருக்கிறார்கள். 2022 பெப்ரவரி 24ஆந் திகதி ருஷ்யா உக்ரேனுட் புகுந்தது. 2024 ஓகஸ்ட் 6ஆந் திகதி உக்ரேன் ருஷ்யாவின் குர்ஸ்க் மாகாணத்துட் புகுந்தது. ஆகவே வரவும் செலவும் சரியாகிவிட்டன என்று பேரேட்டை மூடிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு பிழையானது. அதிலும் மேலாக, பலங் குறைந்த நாடுகளுக்கு ஆபத்தானது. ஆகையால் அதனை இன்று பிரித்துப் பார்க்க எண்ணுகிறோம்.

நடந்ததை முதலிற் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். உக்ரேனின் வடகிழக்கிலுள்ள சுமி மாகாணத்திலிருந்து அன்று காலை உக்ரேனியத் துருப்புகள் கவச வண்டிகளுடன் எல்லையைக் கடந்தன. எதிரே நின்றவர்களிற் பெரும்பாலோர் எல்லைக் காவலரும், கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட இளம் பிள்ளைகளுமே. இப்படையெடுப்பைப் பற்றி உக்ரேனுக்கு ஆயுதம் வழங்கும் மேல்நாடுகளுக்கே முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. போரிடச் சென்ற வீரர் பலர் கடைசி வேளையிலேதான் தாம் போகுமிடத்தை அறிந்தனர். மறுநாள் ருஷ்யப் பிரதம சேனாதிபதி கெராசிமோவ், எதிரியின் முன்னேற்றம் தடுத்து நிறுத்தப்பட்டுவிட்டதென ஜனாதிபதி புட்டினுக்கு அறிவித்தார். நிறுத்தப்பட்ட அந்தச் சேனை 12ஆந் திகதியளவில் 1,000 சதுர கிலோமீற்றரைத் தன் வசம் வைத்திருப்பதாக உக்ரேனியத் தளபதி சிர்ஸ்கி சொன்னார். 15ஆந் திகதி சுட்ஜா நகரம் பிடிபட்டதென ஜனாதிபதி ஸெலன்ஸ்கி அறிவித்தார். அம்மாத முடிவிற் கீவ் காட்டிய கணக்கு ஏறக்குறைய 1,300 சதுர கிலோமீற்றரும் நூறு ஊர்களும். உரிமை கோருபவர் கணக்கு எப்பொழுதும் சற்றுப் பருத்தே இருக்கும். அதிற் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், நமது யாழ்ப்பாண மாவட்டமளவு நிலம் சில கிழமைகளுட் கைமாறிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர் அந்நியச் சேனையொன்று ருஷ்ய மண்ணைப் பிடித்து நின்றது இதுவே முதற்றடவையென உலகப் பத்திரிகைகள் எழுதின.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? இக்காலப் போரிலே மறைவு என்பதே ஒழிந்துவிட்டது என்றல்லவா போர்க்கலை அறிந்தோர் நமக்குச் சொல்லி வந்தனர்! ஆகாயத்தில் எந்நேரமும் ஆளில்லா விமானங்கள் வட்டமிடுகின்றன. ஒரு பாரவண்டி மரநிழலை விட்டு அசைந்தாலும் பத்து மைல் தூரத்தில் நிலவறையில் இருப்பவன் அதைக் கண்ணாடித் திரையிற் காண்கிறான். வன்னி மக்கள் ஒரு காலத்தில் 'வண்டு' என்று பெயரிட்டழைத்த அந்த இரைச்சலை நமது வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று ஒரு வண்டு வந்தால் ஊரே பதுங்கியது. இன்று உக்ரேனில் வண்டுக் கூட்டமே பறக்கிறது. ஒவ்வொன்றும் தானே குண்டாகவும் இருக்கிறது. சில நூறு டொலர் விலை. அது தேடிப்பிடித்து எரிக்கும் கவச வண்டியின் விலையோ பல இலட்சம் டொலர்.

இத்தகைய ஆகாயத்தின் கீழ்ப் பல்லாயிரம் பேரை ஒருவரும் அறியாமற் சேர்த்து நிறுத்துவது எங்ஙனம்? உக்ரேனியர் முதலில் அழித்தது கண்களையே. ருஷ்யரின் வேவு விமானங்களைத் தமது சிறு விமானங்களால் மோதி வீழ்த்தப் பழகிக்கொண்டார்கள். வானொலி அலைகளைக் குழப்பும் கருவிகளைப் படைக்கு முன்னே அனுப்பி, எதிரியின் ட்ரோன்களைச் செவிடாக்கினார்கள். ஆனால் இந்த வித்தையெல்லாம் பாதிதான். மற்றப் பாதியைச் செய்து கொடுத்தது மொஸ்கோவின் இறுமாப்பு. சிறியவன் தன் வீட்டு வாசலில் நின்று அடி வாங்குவானேயன்றி, நம் வாசலுக்கு வரத் துணியான் என்ற எண்ணமே அந்த எல்லையின் காவலாக இருந்தது. வேவு விமானம் படம் பிடித்துத் தரும். படத்தை நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டுமே!

இறுமாப்புடன் களவும் கைகோத்து நின்றது. குர்ஸ்க் எல்லையில் அரண் கட்டவெனப் பெருந்தொகைப் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. எதிரி வந்து பார்த்தபொழுது அரண் தடுக்கவில்லை. படையெடுப்பு வேளையில் மாகாணத்தின் பதில் ஆளுநராயிருந்த அலெக்சி ஸ்மிர்னோவ் 2024 டிசெம்பரிற் பதவி நீங்கினார்; 2025 ஏப்ரலில், அரண் பணத்தை மோசடி செய்தார் என்ற குற்றச்சாட்டிற் கைதானார். அவருக்கு முன் ஆளுநராயிருந்து மத்திய மந்திரியாகவும் உயர்ந்த ஸ்தாரவோய்த் 2025 யூலை 7ஆந் திகதி பதவி நீக்கப்பட்டு, அன்றே துப்பாக்கிச் சூட்டுக் காயத்துடன் பிணமாகக் காணப்பட்டார். கொந்தராத்துக்காரனும் அதிகாரியும் பங்கு போட்டபின் மிஞ்சிய சீமெந்தின் பின்னாலே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நிறுத்தப்பட்டார்கள். கட்டாய சேவைப் பிள்ளைகள் இந்தப் போருக்கு அனுப்பப்படார் என்று 2022 மார்ச்சில், அனைத்துலகப் பெண்கள் தினத்தை ஒட்டித் தாய்மாருக்கு வாக்களித்தவர் புட்டின். போர் அவர்களிடமே வந்தபோது அந்த வாக்கும் அவர்களோடு சேர்ந்து சிறைப்பட்டது. 2024 ஓகஸ்ட் 24ஆந் திகதி, ஐக்கிய அரபு அமீரகத்தின் சமரசத்தால், பக்கத்துக்கு 115 பேராகக் கைதிகள் மாற்றப்பட்டார்கள். ருஷ்யா பெற்றுக்கொண்டவர்கள் குர்ஸ்கிலே பிடிபட்ட அந்தப் பிள்ளைகள்.

நிற்க. நமது நண்பர்களின் கேள்விக்கு வருவோம். எல்லை தாண்டியது குற்றமா?

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் இரண்டாஞ் சரத்து, வேறொரு நாட்டின் பிரதேச முழுமைக்கு எதிராகப் பலாத்காரத்தைப் பிரயோகிப்பதைத் தடுக்கிறது. ஐம்பத்தோராஞ் சரத்து, ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாட்டின் தற்காப்புரிமையைக் காக்கிறது. தற்காப்பு, தாக்கப்பட்டவனுடைய முற்றத்துக்குள்ளேயே நடந்து முடியவேண்டுமென்று அச்சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அவசியமும் அளவும் பார்க்கப்படவேண்டும்; அவ்வளவே. குர்ஸ்க் எல்லைக்கு அப்பாலிருந்து சுமி ஊர்கள் மீது பீரங்கிக் குண்டும் வழிகாட்டப்பட்ட விமானக் குண்டும் விழுந்துகொண்டிருந்தன. குண்டு வரும் திசைக்குப் போய்ப் பீரங்கியைப் பிடிப்பது எந்த நூலின்படி ஆக்கிரமிப்பு?

கமக்காரருக்கு இதனை விளக்க நாம் சாசனத்தைத் தூக்க வேண்டியதில்லை. கதியாலைப் பிடுங்கி உங்கள் வளவுக்குள் நட்டுவிட்ட அயலவன் ஒருவன் இருக்கிறான். உங்கள் கிணற்றடியும் அவன் பக்கம் போய்விட்டது. அதோடு அடங்காமல், தன் பழைய வளவில் நின்றுகொண்டு உங்கள் வீட்டுக் கூரைக்குக் கல்லெறிகிறான். ஒருநாள் நீங்கள் வேலி பாய்ந்து அவன் கற்குவியலைக் கைப்பற்றினீர்கள். உடனே அவன் "ஐயோ, அத்துமீறல்!" என்று ஊரைக் கூட்டுகிறான். கூடிய ஊராரில் ஒருவர், "இருவருமே வேலி பாய்ந்தவர்கள்தாமே" என்கிறார். அந்த ஊரவரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையே நாமும் இந்த நண்பர்களைப் பற்றி நினைக்கிறோம்.

"தற்காப்பென்று புட்டினுஞ் சொன்னாரே! அவரும் அதே ஐம்பத்தோராஞ் சரத்தைத்தானே காட்டினார்?" என்பார்கள். ஆம், காட்டினார். கூண்டில் நிற்கும் எதிரி காட்டும் சட்டப் புத்தகம் அவனை விடுதலை செய்துவிடுமாயின் உலகத்திற் சிறைச்சாலைகளே தேவையில்லை. அவரது வாதம் விசாரிக்கப்பட்டது. சர்வதேச நீதிமன்றம் 2022 மார்ச் 16ஆந் திகதி, 13க்கு 2 என்ற வாக்கில், இராணுவ நடவடிக்கையை உடன் நிறுத்துமாறு ருஷ்யாவுக்கு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அக்கட்டளை அந்நாட்டைக் கட்டும். அது மதிக்கப்படவில்லை.

நமது தண்டனைச் சட்டக் கோவையைப் படித்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். பொது அதிகாரிகளிடம் போய்ப் பாதுகாப்புப் பெற அவகாசமிருந்தால், தானே கையோங்கும் உரிமை ஒருவனுக்கு இல்லை. நல்ல விதி. உலக விவகாரத்தில் அந்தப் பொது அதிகாரி யார்? பாதுகாப்புச் சபை. உக்ரேனின் முறைப்பாடு அங்கே போகவில்லையா? போயிற்று. 2022 பெப்ரவரி 25ஆந் திகதி 11 நாடுகள் தீர்மானத்தை ஆதரித்தன, மூன்று விலகின, ஒரே ஒரு நாடு எதிர்த்தது, அந்த ஒரு நாட்டின் இரத்து அதிகாரத்தால் தீர்மானம் வீழ்ந்தது. அந்த நாடு ருஷ்யா! எதிரியே நீதவானின் ஆசனத்திலும் அமர்ந்து தன் வழக்கைத் தள்ளுபடி செய்யும் மன்றிலே, "நீ ஏன் மன்றுக்குப் போகவில்லை?" என்று முறைப்பாட்டுக்காரனைக் கேட்பதற்கு மிகுந்த மனத்துணிவு வேண்டும்.

இனி, கருத்து. ஒரு செயலைச் செய்தவனின் கருத்தை ஆராயாமற் குற்றத்தைத் தீர்மானிக்க முடியாது. ருஷ்யா 2022 செப்டெம்பர் 30ஆந் திகதி உக்ரேனின் நான்கு மாகாணங்களைத் தன்னுடன் இணைத்ததாகப் பிரகடனஞ் செய்து, அவற்றைத் தன் அரசியல் யாப்பிலும் எழுதிக்கொண்டது. அப்பொழுது அவற்றிற் பல நகரங்கள் அதன் கையில்கூட இல்லை. உக்ரேனோ குர்ஸ்க் நிலத்தைத் தனதாக்கும் எண்ணம் தனக்கில்லையென ஒரு கிழமைக்குள்ளேயே கூறிற்று. சுட்ஜாவிலே இராணுவ நிர்வாகம் அமைத்தது. இணைப்புப் பிரகடனமோ வாக்கெடுப்பு நாடகமோ நடத்தவில்லை. 2025 பெப்ரவரியில் ஸெலன்ஸ்கி அந்நிலத்தைப் பண்டமாற்றாகக் கொடுக்கவும் முன்வந்தார், கிரெம்ளின் மறுத்தது. பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவனும் பிடித்ததற்கு உறுதி முடிக்க நினைப்பவனும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியவர்களா?

சரித்திரத்தையும் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். 1943 யூலை 5ஆந் திகதி ஜெர்மனியர் தொடக்கிய குர்ஸ்க் சமரை நினைவூட்டி, "அதே மண்ணில் மீண்டும் ஜெர்மன் கவச வண்டிகள்!" என்று ருஷ்யத் தொலைக்காட்சி அலறியது. ஜெர்மனி கொடுத்த வண்டிகள் வந்தது மெய். ஆனால் 1943இல் அந்த மண்ணைக் காத்த செஞ்சேனையிலே உக்ரேனியர் இலட்சக்கணக்கில் நின்றார்கள் என்பதும் மெய். அச்சமரின் தென்முனையைத் தாங்கிய வொரோனெஷ் படைமுனைக்கு அதே ஆண்டு ஒக்டோபரில் முதலாவது உக்ரேனியப் படைமுனை என்று பெயர் சூட்டியதும் மொஸ்கோவே. அந்த வெற்றியைத் தனிச்சொத்தாக எழுதிக்கொள்ள எவருக்கும் உறுதி இல்லை. சுட்ஜாவுக்கு இன்னொரு பழங்கதை உண்டு. அதைத் தொலைக்காட்சி சொல்லவில்லை. 1918 நவம்பரிலே போல்ஷெவிக்குகள் உக்ரேனைப் பிடிக்கப் புறப்பட்டபோது, 'உக்ரேனின் தற்காலிகத் தொழிலாளர் விவசாயிகள் அரசாங்கம்' என ஒன்றை ருஷ்ய மண்ணிலேயே சிருஷ்டித்து, அதற்கு இருப்பிடமாக்கிய சிற்றூர் இந்தச் சுட்ஜாதான்! எல்லையின் இப்புறத்தில் அரசாங்கஞ் செய்து அப்புறத்துக்கு ஏற்றுமதி செய்யும் வியாபாரம் அங்கே நூறாண்டுப் பழக்கம்.

இவ்வளவும் உக்ரேனின் உரிமை பற்றி. உரிமையுள்ளவன் செய்வதெல்லாம் புத்தியான செயல் என்று நாம் சொல்ல வரவில்லை. கீவின் தளபதிகளைத் தெய்வமாக்கும் கூட்டத்திலும் நாம் இல்லை. வேலி பாய்ந்து கல்லைப் பறித்தவன் திரும்பி வரவேண்டிய நேரமொன்றுண்டு. அந்த நேரத்தை அவர்கள் தவறவிட்டார்கள் என்பதே நமது தீர்ப்பு.

படையெடுப்புக்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம், டொனெட்ஸ்க் முனையில் பொக்ரொவ்ஸ்க் நகரை நெருக்கும் ருஷ்யச் சேனையைத் திசை திருப்புவது. மொஸ்கோ திரும்பவில்லை. வேறு முனைகளிலிருந்தும் பின்னணியிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து அனுப்பியதேயன்றிப் பொக்ரொவ்ஸ்க் முனையின் கையை எடுக்கவில்லை. அங்கே முன்னேற்றம் உண்மையில் விரைவு பெற்றது. ஒக்டோபர் தொடக்கத்தில் வுஹ்லெடார் வீழ்ந்தது. உக்ரேனின் மிகச் சிறந்த படையணிகளோ அப்பொழுது குர்ஸ்க் வயல்களிலே நின்றன. தன் வீட்டுக் கூரை எரியும்போது தன் திறமான பிள்ளைகளை அயல் வளவிற் காவல் வைத்தவன் கதையாயிற்று. 'பேரம் பேசும்போது கையில் ஒன்று இருக்கட்டும்' என்று நினைத்தார்கள். பேரத்துக்குரிய நாள் வருமுன் கையிலிருந்தது கரைந்தது.

கரைத்தது எது? படையெடுப்பைச் சாத்தியமாக்கிய அதே கருவி, திரும்பிப் பாய்ந்தது. அலைகளைக் குழப்பினால் ட்ரோன் விழுந்துவிடும் என்பது ஓகஸ்டின் பாடம். சில மாதங்களில் ருஷ்யர் அலையே வேண்டாத ட்ரோனைப் பெருவாரியாகக் கொண்டுவந்தார்கள். தலைமயிர் போன்ற கண்ணாடி இழையொன்றைச் சிலந்தி நூல் விடுவதுபோல் விட்டுக்கொண்டே அது பத்து இருபது கிலோமீற்றர் பறக்கும். கட்டளையும் படமும் அந்த இழை வழியே போய்வரும். குழப்புவதற்கு அலை இல்லை. சுமியிலிருந்து சுட்ஜாவுக்குப் போகும் பிரதான வீதி ஒன்றே உக்ரேனியரின் சோறும் குண்டும் போகும் தொண்டை. 'ரூபிக்கோன்' என்ற ருஷ்ய ட்ரோன் அணி அந்தத் தொண்டையிற் கை வைத்தது. வீதியோரப் பற்றையில் இறங்கி, இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்து, வண்டி வரும்போது எழும்பிப் பாய்ந்தன அந்த யந்திரங்கள். வீதிக்கு மேல் மீன்வலை போல வலை கட்டிப் பார்த்தார்கள். 2025 பெப்ரவரியளவில் அந்த வீதி எரிந்த வண்டிகளின் சுடுகாடாயிற்று. காயப்பட்டவனைக் கொண்டுவரவும் வழியில்லை.

பிடித்த நிலத்தின் அகலம் எவ்வளவு என்று தினமும் படம் கீறிக் காட்டியவர்கள், அந்நிலத்துக்குப் போகும் வீதி எத்தனை என்று கேட்டிருக்கவேண்டும். ட்ரோன் யுகத்தில் நிலத்தைப் பிடிப்பவன் சேனாதிபதி. வீதியைப் பிடிப்பவனே வெற்றியாளன். ஒரு வீதியை நம்பி ஒரு கூர்முனையைப் பிடித்திருப்பது மூன்று மாதம் துணிவு. ஏழு மாதம் பிடிவாதம்.

அதற்கிடையே வேறொரு தேசத்துப் பிள்ளைகளும் அங்கே பலியிடப்பட்டார்கள். 2024 யூன் 19ஆந் திகதி பியொங்யாங்கிற் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காட்டி, வட கொரியா பத்தாயிரத்துக்கு மேற்பட்ட துருப்புகளைக் குர்ஸ்குக்கு அனுப்பியது. ட்ரோனையே அறியாத அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் வெண்பனி வயலிற் கூட்டமாக நடந்து சென்று மடிந்தார்கள். 600 பேரளவில் இறந்தனரென 2025 ஏப்ரலில் தென் கொரியப் புலனாய்வுத் துறை மதிப்பிட்டது. மாதக்கணக்கில் இதனை ஒப்புக்கொள்ளாத இரு அரசாங்கங்களும் அந்த ஏப்ரல் முடிவிலேதான் வாய் திறந்தன. உக்ரேனுக்கு மேல்நாட்டார் ஒரு துப்பாக்கி கொடுத்தாலும் 'அந்நியத் தலையீடு' என்று பதறும் நமது நண்பர்கள் எவரும் அந்நியச் சேனை ஒன்றே வந்து நின்றபோது பதறியதாக நாம் கேள்விப்படவில்லை.

மேல்நாட்டாரின் நட்பும் அம்பலமாயிற்று. 2025 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கா, ஆயுத உதவியையும் புலனாய்வுத் தகவலையும் சட்டெனத் தடுத்தது. 11ஆந் திகதி ஜித்தாப் பேச்சின்பின் மீண்டுந் திறந்தது. இடையில் ஒரு கிழமை. அந்தக் கிழமையிலேதான் ருஷ்யர், ஐரோப்பாவுக்கு வாயு கொண்டு சென்று அவ்வாண்டு ஜனவரியில் ஓய்ந்துபோன பெருங்குழாய்க்குள் ஆட்களை ஊர்ந்து போகவிட்டுச் சுட்ஜாவின் பின்புறத்தில் எழும்பினார்கள். 12ஆந் திகதி புட்டின் சேனை உடுப்பில் குர்ஸ்குக்கு வந்தார். மறுநாள் சுட்ஜா மீண்டதென ருஷ்யா அறிவித்தது. உக்ரேனிய வீரர் பலர் வண்டியின்றி இரவிரவாக நடந்தே எல்லை திரும்பினார்கள். அந்தத் தடையினாலேதான் எல்லாம் போயிற்று என்று நாம் சொல்லமாட்டோம். வீதி முன்பே போய்விட்டது. ஆனால் பிறருடைய கண்ணால் பார்த்துப் போரிடுபவன், அவர் கண்ணை மூடும் நாளில் குருடனாவான் என்பதைச் சிறிய நாடுகள் யாவும் குறித்துக்கொள்ளட்டும்.

சுட்ஜாவின் குடிமக்களை மறந்தால் நாம் எழுதியதற்கு நியாயமில்லை. குர்ஸ்க் கரிசல் மண். கோதுமையும் சீனிக் கிழங்கும் விளையும் பூமி. ஓகஸ்ட் அறுவடைக் காலம். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விளைந்த வயலையும் கால்நடையையும் விட்டு ஓடினார்கள். ஓடிய முறையில் அரசாங்கத்தின் கையைக் காண்பது அரிதாயிருந்தது; அவரவர் தத்தம் வாகனத்திற் போனார்கள். போகமுடியாத முதியோர் இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு அன்னமும் மருந்தும் கொடுக்கும் கடமை, ஹேக் விதிகளின்படியும் 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின்படியும், நிலத்தைப் பிடித்தவர்மீதே விழும். உக்ரேன் அக்கடமையை ஏற்றுச் செஞ்சிலுவைச் சங்கத்தையும் ஐக்கிய நாடுகள் சபையையும் அங்கு வந்து பார்க்குமாறு அழைத்தது. மொஸ்கோ அதனை விரும்பவில்லை. 2025 பெப்ரவரி முதலாந் திகதி, முதியோர் தங்கியிருந்த சுட்ஜா விடுதிப் பாடசாலைமீது குண்டு விழுந்தது. இருபக்கமும் மற்றப் பக்கத்தைக் குற்றஞ் சாட்டின. உக்ரேனியத் துருப்புகள் குடிமக்களைக் கொன்றதாக ருஷ்யா வேறு குற்றச்சாட்டுகளும் சுமத்துகிறது. சுயேச்சையான விசாரணை எதுவாயினும் நாம் வரவேற்போம். குற்றம் ரூபிக்கப்பட்டால் உக்ரேனியனும் தண்டனை பெறட்டும். தற்காப்புரிமை கிழவியைக் கொல்லும் உரிமையாகாது. அதே வேளை, சரணடைந்த உக்ரேனியர் 79 பேர் கொல்லப்பட்டதாக, 2024 ஓகஸ்ட் முடிவுக்குப் பிந்திய சில மாதங்களுக்கு மாத்திரம், போர்முனை முழுவதிலுமிருந்து ஐ.நா. கண்காணிப்பாளர் பதிவு செய்த கணக்கையும் பேரேடு மூடுவோர் படித்துப் பார்க்கட்டும்.

உக்ரேன் பின்வாங்கினால் அமைதி வரும் என்றார்களே, வந்ததா? 2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. ருஷ்ய ஏவுகணைகள் சுமி நகரத்தின் நடுவே விழுந்து 30க்கு மேற்பட்டோரைக் கொன்றன. பின்பு ருஷ்யச் சேனை அதே எல்லையைத் தாண்டிச் சுமி ஊர்களுக்குட் புகுந்தது. இம்முறை 'இருவருமே எல்லை தாண்டியவர்கள்' என்று சொல்ல நமது நண்பர்களுக்கு மறந்துபோயிற்று.

இதிலே இலங்கையின் பங்கு என்ன? 2022 மார்ச் 2ஆந் திகதி பொதுச்சபையில் 141 நாடுகள் ருஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டித்தன, ஐந்து எதிர்த்தன, 35 விலகின. விலகியவற்றுள் இலங்கை ஒன்று. நான்கு மாகாண இணைப்பைக் கண்டித்து 143 நாடுகள் வாக்களித்த 2022 ஒக்டோபர் 12ஆந் திகதியும் அவ்வாறே. நடுநிலை என்றார்கள். எண்ணெய் வரிசையிலே நாடு நின்ற வேளையில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பதை நாம் அறிவோம். ஆனால் வாக்கெடுப்பில் விலகி நின்ற நாட்டின் பிள்ளைகள் பதுங்குகுழியில் விலகி நிற்க முடியவில்லை. ருஷ்யச் சேனையிற் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அவர்களில் இறந்தோர் 59 பேர் என்று 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்திற் சொன்னார். அவர்களிற் பலர் ஓய்வுபெற்ற படையினர். நல்ல சம்பளமும் குடியுரிமையும் தருவதாக முகவர் சொன்னதை நம்பிப் போனவர்கள். ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட வடபகுதித் தமிழ் இளைஞரிற் சிலரும் வழியில் ருஷ்யாவிலே சேனை உடுப்பு அணிவிக்கப்பட்டதாக அவர்களுடைய பெற்றோர் கொழும்பிலே முறையிட்டார்கள். காணியை ஈடு வைத்து முகவருக்குப் பணங் கட்டும் வழக்கம் நமது ஊர்களிற் புதிதன்று. போகும் பிள்ளைக்குக் காத்திருப்பது பாரிஸ் நகரக் கடையா, பற்றைக்குள் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் ட்ரோனா என்பதை எந்த முகவரும் சொல்வதில்லை.

ஆகவே நாம் நேராகக் கேட்கிறோம். அந்த 59 பேரும் எந்த ஊரவர்? அவர்களில் எத்தனை பேரின் உடல் வீடு வந்து சேர்ந்தது? அனுப்பிய முகவர்களில் எத்தனை பேர்மீது வழக்கு நடந்து தீர்ப்பு வந்தது? இறந்தவர்களின் மனைவிமாருக்கு ருஷ்ய அரசாங்கம் கொடுக்கவேண்டிய பணத்தைக் கேட்டுப் பெறக் கொழும்பிலே எந்த அதிகாரி பொறுப்பு, அவருடைய கந்தோர் எது? எந்த நாளில், எந்தக் கடதாசிகளுடன் அங்கே போகவேண்டும்? வடபகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்த ஐந்து வினாக்களையும் எழுத்திலே கொடுத்து எழுத்திலே விடை பெறட்டும். பிள்ளையிடமிருந்து மாதக்கணக்காகச் செய்தியில்லாத பெற்றோர், கடவுச்சீட்டுப் பிரதியையும் முகவருக்குப் பணங் கட்டிய பற்றுச்சீட்டையும் கடைசியாக வந்த தகவலின் திகதியையும் ஒன்றாகக் கட்டி, தத்தம் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் கடிதமும் பெற்று வைத்துக்கொள்ளட்டும். பொலிசில் முறைப்பாடு எழுதாமல் முகவரின் கையைக் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கிழமையே போய் எழுதட்டும்.